சர்டிஃபிகேட் நிறைய இருக்கிறது, அவசரத்தில் கை ஓடவில்லை. பிரசவ அறையில் பழக்கத்தை எப்படி விடாமல் வைத்திருக்கிறீர்கள்?

கேள்வி: மூன்றாம்ஷிஃப்ட்

வணக்கம். பிரசவ அறையில் 11 வருடமாக மிட்வைஃபாக இருக்கிறேன். இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படிப்பதோடு சரி, இதுவரை நான் எழுதியதில்லை. இது கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வாரத்துக்கு முன்பு ஒரு இரவு டியூட்டி. இரண்டாவது பிரசவத்துக்கு வந்த ஒரு அம்மா, எந்தச் சிக்கலும் இல்லை. 3.20-க்குக் குழந்தை பிறந்தது. உடனே அழுதது, அம்மாவின் நெஞ்சிலேயே போட்டோம். கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் 10 யூனிட் தொடையில் போட்டாயிற்று. எட்டு நிமிடத்தில் நஞ்சுக்கொடி வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு துண்டுகூடக் குறையவில்லை. கிழிசல் இல்லை. கர்ப்பப்பை கெட்டியாக இருந்தது. சரி என்று கேஸ் ஷீட் எழுத உட்கார்ந்தேன்.

இருபது நிமிடம் இருக்கும். "சிஸ்டர், தலை ஒரு மாதிரி இருக்கு" என்றார். போர்வையைத் தூக்கினால் அடியில் விரித்திருந்த துணி முழுக்க ரத்தம். வயிற்றில் கை வைத்தேன், கர்ப்பப்பை பஞ்சு மாதிரி இருந்தது. பல்ஸ் 124, பிபி 100/60.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் இல்லை. அதற்கு மூன்று மாதம் முன்புதான் பி.பி.எச். (பிரசவத்துக்குப் பின் வரும் அதிக ரத்தப்போக்கு) பற்றி ஆன்லைன் கோர்ஸ் முடித்து 96 மார்க் வாங்கியிருந்தேன். ஆனால் அந்த நேரத்தில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டே "யாராவது ட்ரிப்ஸ் போடுங்க, யாராவது டாக்டரைக் கூப்பிடுங்க" என்று கத்தினேன். அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேருமே டாக்டரைக் கூப்பிட ஓடிவிட்டார்கள். நான் தனியாக நின்றேன். ரத்தப்போக்கை நிறுத்த உதவும் ட்ரானெக்ஸாமிக் ஆசிட், மருந்து அறையில் பூட்டிய அலமாரிக்குள் இருந்தது, சாவி அடுத்த வார்டில். அந்த ஊசி உள்ளே போகும்போது 25 நிமிடம் ஆகிவிட்டது. எவ்வளவு ரத்தம் போனது என்று டாக்டர் கேட்டபோது "ஒரு 400 மில்லி இருக்கும்" என்றேன். அப்புறம் துணிகளை எடைபோட்டுப் பார்த்தால் 1,300-ஐத் தாண்டியது.

அவர் பிழைத்துக்கொண்டார். இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினோம், ஐந்தாம் நாள் குழந்தையோடு வீட்டுக்குப் போனார்.

இப்போது என் கேள்வி. பதிவைப் புதுப்பிக்கத் தொடர்கல்வி மணிநேரம் காட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் கேட்டதற்கு மேலேயே சேர்த்துவிடுகிறேன். எல்லாம் செல்போனில் வீடியோ பார்த்து, கடைசியில் டிக் அடித்து வாங்கியவை. பொம்மையை வைத்துக் கையால் பழகியது படித்து முடித்த வருடத்தோடு சரி. எங்களிடம் பயிற்சி அறையும் இல்லை, விலை உயர்ந்த பொம்மைகளும் இல்லை. இந்த மணிநேரங்களை உருப்படியாகச் செலவழிக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்? செய்யலாம் என்பதை அல்ல, செய்வதைச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்த இரவுக்குப் பிறகு எந்தப் பிரசவத்திலும் நஞ்சு வெளியே வந்ததும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போர்வையைத் தூக்குகிறேன். உங்களில் யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா?

பதில்: பினார்டுகுழல்

தங்கச்சி, 27 வருடமாக இதே வேலை எனக்கு. கடைசி 12 வருடமாகப் புதிதாக வருபவர்களுக்குப் பழக்கியும் விடுகிறேன். இரண்டாவது கேள்விக்கு என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். முதல் கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

முதலில் அந்த 400. அதை நினைத்து உங்களை நொந்துகொள்ளாதீர்கள். கண்ணால் பார்த்துச் சொன்னால் எல்லோருமே குறைத்துத்தான் சொல்வோம். ரத்தம் அதிகமாகப் போகப் போகக் கண் இன்னும் அதிகமாக ஏமாறும். துணி உறிஞ்சிக்கொள்ளும், பாதி முதுகுக்கு அடியில் ஓடிவிடும், மீதி பனிக்குடத் தண்ணீரோடு கலந்துவிடும். 27 வருடம் ஆகியும் என் கண்ணை நான் நம்புவதில்லை. எங்கள் அறையில் ஒரு சிறிய தராசு இருக்கிறது. நாங்கள் விரிக்கிற துணி, பேடு எல்லாவற்றுக்கும் காய்ந்த எடையைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். நனைந்த எடையில் அதைக் கழித்தால் போதும், ஒரு கிராமை ஒரு மில்லி என்று வைத்துக்கொள்கிறோம். அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. இடுப்புக்கு அடியில் விரித்தால் ரத்தம் நேராகப் பைக்குள் இறங்கும், கோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இந்த விரிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் வேலை முறையையே மாற்றியது இதுதான். ஈ-மோட்டிவ் என்ற ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, டான்சானியா நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகள், 2,10,000-க்கும் அதிகமான பெண்கள். பாதி மருத்துவமனைகளில் கோடு போட்ட விரிப்பைக் கொடுத்து, அளவு தாண்டியதும் எல்லாச் சிகிச்சையையும் ஒரே மூச்சில் தொடங்கச் சொன்னார்கள்: கர்ப்பப்பையைத் தேய்ப்பது, கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் மருந்து, ட்ரானெக்ஸாமிக் ஆசிட், ட்ரிப்ஸ், ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று பரிசோதிப்பது. மற்ற பாதியில் வழக்கம்போல. ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் போவது, அதற்காக வயிற்றைத் திறக்க வேண்டிவருவது, உயிரிழப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். வழக்கம்போல நடந்த இடங்களில் 100-க்கு 4.3. புதிய முறையில் 1.6. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றியது வேறொரு எண். வழக்கமான இடங்களில், பி.பி.எச். வந்தவர்களில் பாதிப் பேருக்குத்தான் அது வந்திருப்பதையே கண்டுபிடித்தார்கள். புதிய முறையில் 93 சதவீதம். மருந்து அங்கேயும் இருந்தது, இங்கேயும் இருந்தது. பார்க்காததுதான் வித்தியாசம்.

ஒவ்வொன்றாகச் செய்துபார்த்து, "இது கேட்கவில்லை, அடுத்தது" என்று போவதுதான் நமக்குச் சொல்லித்தந்த முறை. அந்தக் காத்திருப்பில்தான் நேரம் போகிறது. ட்ரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம், நரம்பு வழியாக, 10 நிமிடத்தில் மெதுவாக. பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள் போக வேண்டும். 15 நிமிடம் தாமதமானால் அதன் பலன் ஏறக்குறைய 10 சதவீதம் குறைகிறது. உங்கள் சாவி அடுத்த வார்டில் இருந்தது என்று படித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

அந்த இரவு நீங்கள் எழுதிய பல்ஸையும் பிபியையும் எடுத்துக்கொள்ளுங்கள். பல்ஸ் 124-ஐ பிபியின் மேல் எண் 100-ஆல் வகுத்தால் 1.24. பிரசவித்த பெண்ணுக்கு இது 0.9-ஐத் தொட்டாலே நான் எழுந்து நிற்பேன். இளம் வயது உடம்பு கடைசி வரை பிபியைத் தாங்கிப் பிடிக்கும், அதனால் பிபியை மட்டும் பார்த்தால் நிம்மதியாக இருக்கும். பல்ஸ் முன்னாலேயே சொல்லிவிடும். உங்கள் பெண்ணின் பல்ஸ் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

சரி, பயிற்சி. நாங்கள் செய்வது இதுதான். வாரம் ஒருநாள், ஷிஃப்ட் மாறும்போது, 12 நிமிடம். தனி அறை தேவையில்லை, காலியாக இருக்கும் பிரசவ அறையே போதும். எங்களில் ஒருத்தி கட்டிலில் படுப்பாள். அடியில் சிவப்பு நிறம் கலந்த தண்ணீர் ஊற்றிய பேடு. அவள் "மயக்கமா வருது" என்றதும் ஸ்டாப்வாட்சை அழுத்துவோம். மருந்தை எடுத்துக் காட்டுவதுபோல் நடிப்பதெல்லாம் கிடையாது. டிராலியை உண்மையாகவே திறக்க வேண்டும், மருந்தை உண்மையாகவே கையில் எடுக்க வேண்டும், காலாவதியான ஆம்பியூலை உடைத்து உறிஞ்ச வேண்டும். முதல் தடவை ட்ரானெக்ஸாமிக் ஆசிட் சிரிஞ்சுக்குள் வர 14 நிமிடம் ஆனது. 14 நிமிடம் ஏன் என்று உட்கார்ந்து பார்த்தால், ஒருத்திக்கும் திறமை குறைவில்லை. பெரிய கேனுலா (ட்ரிப்ஸ் ஏற்ற நரம்பில் செருகும் குழாய்) டிராலியில் இல்லை, ஆம்பியூல் வேறு அறையில், இரண்டு பேர் ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள். ஐந்தாவது வாரம் 4 நிமிடம். யாரும் இடையில் புதிதாக எதையும் படிக்கவில்லை.

"யாராவது" என்ற சொல்லை நாங்கள் அறையிலிருந்தே எடுத்துவிட்டோம். பெயர் சொல்லி, கண்ணைப் பார்த்து, ஒரு வேலை. அவளும் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், முடிந்ததும் "போட்டாச்சு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரம் கூச்சமாக இருக்கும். அப்புறம் உண்மையான அவசரத்தில் வாய் தானாக அப்படித்தான் பேசும்.

பொம்மை இல்லை என்று வருத்தப்பட வேண்டாம். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து சவுத்மீட் மருத்துவமனையில் டாக்டர், மிட்வைஃப் எல்லோரும் தங்கள் இடத்திலேயே சேர்ந்து பயிற்சி எடுத்தார்கள். 2008-ல் வெளியான அவர்களுடைய கணக்கைப் பாருங்கள்: குழந்தையின் தோள் சிக்கிக்கொண்ட பிரசவங்களில் குழந்தைக்குக் காயம் ஏற்படுவது 100-க்கு 9.3 ஆக இருந்து 2.3 ஆகக் குறைந்தது. அவர்கள் பொம்மை வைத்திருந்தார்கள்தான். ஆனால் கூடவே வேலை செய்பவர்களோடு பழகினார்கள் என்பதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்.

மணிநேரக் கணக்குக்கு: ஒவ்வொரு தடவையும் தேதி, யார் யார் இருந்தார்கள், எதைக் கண்டுபிடித்தோம், எதை மாற்றினோம் என்று அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் பதிவுக் குழு அதை ஏற்குமா என்று கேளுங்கள். பிரிட்டனில் 3 வருடத்துக்கு 35 மணிநேரம் கேட்கிறார்கள், அதில் 20 மற்றவர்களோடு சேர்ந்து கற்றதாக இருக்க வேண்டும். அதோடு வேலையில் நடந்ததை யோசித்து எழுதிய ஐந்து குறிப்புகளும் வேண்டும். வீடியோ மட்டும் பார்த்து அங்கே ஒப்பேற்ற முடியாது. அது நல்ல விதி என்பேன்.

பதில்: ரெண்டுபேர்வார்டு

பினார்டுகுழல் அக்கா சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஒன்றை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் யூனிட்டில் இரவில் இரண்டு பேர்தான். ஒருத்தி பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தால் மற்றவள் வலியோடு இருக்கும் நான்கு பேரையும், பிரசவித்த ஆறு பேரையும் பார்க்க வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது 12 நிமிடம் என்பது எங்களுக்குக் கிடைக்காது. கிடைத்தால் அப்போதுதான் கழிப்பறைக்குப் போவோம்.

மூன்றாம்ஷிஃப்ட், உங்கள் பதிவில் "நான், நான்" என்றுதான் வருகிறது. பூட்டிய அலமாரி நீங்கள் வாங்கியதா? சாவியை அடுத்த வார்டில் வைத்தது நீங்களா? பிரசவித்த முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை கர்ப்பப்பை, ரத்தப்போக்கு, பல்ஸ் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். அதே நேரத்தில் ஆறு பக்கம் கேஸ் ஷீட் எழுது என்றும் சொல்கிறார்கள். உலகத்தில் மிட்வைஃப்கள் 9 லட்சம் பேர் குறைவாக இருக்கிறார்கள் என்று 2021 உலக அறிக்கை சொன்னது. அந்தக் குறைவு எங்கே போய் விழுகிறது என்றால், அந்த 20 நிமிடத்தில்தான் விழுகிறது. "கூடுதல் பயிற்சி எடு" என்று மட்டும் சொல்லி நம் தலையில் கட்டினால் நான் ஏற்க மாட்டேன்.

ஆனாலும் சும்மா இருக்க மனம் வரவில்லை. எங்களால் முடிந்தது ஒரு பெட்டி. மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி, பிரசவக் கட்டில் பக்கத்திலேயே. உள்ளே இரண்டு பெரிய கேனுலா, ட்ரிப்ஸ் செட், ட்ரானெக்ஸாமிக் ஆசிட், சிரிஞ்சுகள், யூரின் கதீட்டர், கையுறை. மேலே கிழித்தால் தெரியும்படி ஒரு பேப்பர் சீல். சீல் கிழிந்திருந்தால் அடுத்த ஷிஃப்ட் நிரப்ப வேண்டும். இதற்கு அனுமதி வாங்க எனக்கு நான்கு மாதம் ஆனது. மூன்று கடிதம். மூன்றாவதில், அலமாரிக்குப் போய்த் திரும்ப எத்தனை நிமிடம் என்று 10 நாள் அளந்து எழுதினேன். அதன் பிறகுதான் கையெழுத்து கிடைத்தது. பயிற்சி என்றால் இதுவும் பயிற்சிதான். மேலிடத்தில் எண்ணைக் காட்டிப் பேசக் கற்றுக்கொள்வது நம் படிப்பில் எங்கேயும் இல்லை.

ஆட்கள் குறைவான இடத்தில் பயிற்சி எப்படி என்றால், நானும் கூட இருப்பவளும் பாதி ராத்திரியில் கொஞ்சம் ஓய்ந்தால் ஒரு சூழ்நிலையை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்போம். "இப்ப இந்தக் கட்டில்ல ஃபிட்ஸ் வருது, நீ என்ன பண்ற?" அவள் எழுந்து போய் மக்னீசியம் சல்பேட் இருக்கும் இடத்தைத் தொட்டுவிட்டு வர வேண்டும். மூன்று நிமிடம். அவ்வளவுதான்.

பதில்: ஐந்துசென்டிமீட்டர்

வீடியோ, கோர்ஸ் எல்லாம் வீண் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். கை வேலையைக் கையால்தான் பழக வேண்டும், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் தப்பாகப் பழகிய ஒன்றை விட வேண்டும் என்றால் படித்தால்தான் தெரியும்.

நான் படித்தபோது கர்ப்பப்பை வாய் 4 சென்டிமீட்டர் திறந்தால் வலி முழு வேகத்துக்கு வந்துவிட்டது, இனி மணிக்கு 1 சென்டிமீட்டர் என்று சொல்லித்தந்தார்கள். பார்ட்டோகிராபில், அதாவது பிரசவ முன்னேற்றத்தைக் குறிக்கும் வரைபடத்தில், எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டினால் உடனே பனிக்குடத்தை உடைப்போம், ஆக்ஸிடோசின் ட்ரிப்ஸ் போடுவோம். அந்தக் கோடு 1972-ல் ஃபில்பாட், காசில் என்ற இரண்டு மருத்துவர்கள் வரைந்தது. தூரத்தில் இருக்கும் பெண்ணைச் சரியான நேரத்தில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பத்தான் அதை வரைந்தார்கள். எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் எல்லாப் பெண்ணும் மணிக்கு 1 சென்டிமீட்டர் திறப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் அந்த வேகத்தைக் கட்டாயமாக எதிர்பார்க்க வேண்டாம் என்றது. வேகமான கட்டம் 5 சென்டிமீட்டரில்தான் தொடங்குகிறது என்றும் சொன்னது. 2020-ல் பார்ட்டோகிராபுக்குப் பதிலாகப் புதிய படிவத்தையே கொண்டுவந்தது. அதில் 5 சென்டிமீட்டரிலேயே 6 மணி நேரம் நின்றால் எச்சரிக்கை, 6-ல் 5 மணி நேரம், 7-ல் 3, இப்படி ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் தனி நேரம்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எத்தனை பேரை "உனக்கு முன்னேற்றம் இல்லை" என்று சொல்லி அவசரப்படுத்தியிருப்பேன். நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த பிரசவம் எத்தனை சிசேரியனில் முடிந்திருக்கும். அந்தப் புதிய படிவத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் மேல் பகுதிதான். கூடத் துணைக்கு ஆள் இருக்கிறாரா, வலிக்கு ஏதாவது கொடுத்தோமா, தண்ணீர் குடித்தாரா, எந்த நிலையில் இருக்கிறார் என்று ஒவ்வொரு தடவையும் எழுத வேண்டும். எழுத வேண்டும் என்றால் கேட்க வேண்டும். கேட்டால் அந்தப் பெண் நம்மிடம் பேச ஆரம்பிக்கிறார். மயக்கம் வருவதற்கு முன்னாலேயே "ஏதோ ஈரமா இருக்கு" என்று சொல்கிற பெண், நம்மிடம் பேசப் பயப்படாத பெண்தான்.

அதனால் என் கணக்கு இப்படி. வருடத்துக்கு இரண்டு மூன்று கோர்ஸ் மட்டும், நான் படித்த பிறகு மாறிய விஷயங்களில். மீதி எல்லாம் வார்டில்.

பதில்: மகப்பேறுடாக்டர்

மருத்துவராக ஒரு சிறு சேர்க்கை. பி.பி.எச். என்று சொல்ல வழக்கமாக வைத்திருக்கும் 500 மில்லி வரை காத்திருக்க வேண்டாம். 300 மில்லியிலேயே பல்ஸோ பிபியோ சரியில்லை என்றால் சிகிச்சையைத் தொடங்குங்கள் என்று 2025-ல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச மகப்பேறு மருத்துவர், மிட்வைஃப் கூட்டமைப்புகளும் சேர்ந்து சொல்லியிருக்கின்றன.

இன்னொன்று, எங்களைக் கூப்பிடும் விதம். இரவு 3.40-க்குத் தூக்கத்தில் இருப்பவரிடம் "டாக்டர், பேஷன்ட்டுக்குக் கொஞ்சம் ப்ளீடிங்" என்றால் அவர் மனதில் எதுவும் பதியாது. "இரண்டாம் பிரசவம், முடிந்து 20 நிமிடம், கர்ப்பப்பை தளர்ந்திருக்கிறது, பல்ஸ் 124, பி.பி.எச். என்று நினைக்கிறேன், உடனே வாருங்கள்." பத்து நொடிதான். உங்கள் பயிற்சியில் இந்தப் பத்து நொடியையும் சேருங்கள். முடிந்தால் எங்களையும் இழுத்துக்கொண்டு போங்கள். நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு மிட்வைஃப் என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பயிற்சியில் நிறுத்தினார். அங்கேதான் என் குரல் எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதும், அதனாலேயே என்னைக் கூப்பிடத் தயங்குகிறார்கள் என்பதும் தெரிந்தது.

பதில்: திரும்பிவந்தவள்

உங்கள் இரண்டாவது கேள்விக்காகத்தான் லாகின் செய்தேன். எனக்கு வந்தது. உங்களைப் போலத்தான், அம்மாவும் பிழைத்தார், குழந்தையும் பிழைத்தது, யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனாலும் பிரசவ அறைக் கதவைத் திறக்கும்போது வயிற்றைப் பிசையும். நான் ஒன்றரை வருடம் வேறு வார்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டேன்.

இதற்கு 'செகண்ட் விக்டிம்' (இரண்டாவதாகப் பாதிக்கப்பட்டவர்) என்று ஒரு பெயர் இருக்கிறது என்று ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது. ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர் 2000-ல் எழுதினார், தவறு நடந்த இடத்தில் நோயாளிக்கு அடுத்து பாதிக்கப்படுகிறவர் அங்கே வேலை பார்த்தவர் என்று. தூக்கம் போவது, அந்தக் காட்சியே திரும்பத் திரும்ப வருவது, ஒன்றையே நாலு தடவை சரிபார்ப்பது, இதெல்லாம் நம்மில் பலருக்கு வருவதுதான். சில வாரத்தில் குறைய வேண்டும். உங்களுக்கு ஆறு வாரம் ஆகியும் குறையவில்லை என்றால் மனநல ஆலோசகரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். நான் தள்ளிப்போட்டேன்.

எனக்கு உதவியது இரண்டு. ஒன்று, அன்று அறையில் இருந்தவர்களோடு உட்கார்ந்து பேசியது. யார் தப்பு என்று இல்லை, எந்த நிமிடத்தில் யார் எதைப் பார்த்தோம் என்று. நான் செயலற்று நின்றேன் என்று ஒன்றரை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். என்னோடு இருந்தவள் "நீங்க கையை வயித்துல இருந்து எடுக்கவே இல்லக்கா" என்றாள். உங்கள் பதிவிலும் அது இருக்கிறது, திரும்பப் படித்துப் பாருங்கள். கத்தினேன் என்கிறீர்கள், ஆனால் "வயிற்றைத் தேய்த்துக்கொண்டே" என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

இரண்டாவது, அந்த அம்மாவைப் பார்த்தது. மேலதிகாரியிடம் கேட்டுக்கொண்டு, அவரும் சரி என்ற பிறகு போனேன். அன்று என்ன நடந்தது என்று அவருக்கு யாருமே முழுதாகச் சொல்லவில்லை. எல்லோரும் ஓடியது மட்டும்தான் அவருக்கு நினைவிருந்தது, செத்துவிடுவோம் என்று நினைத்திருக்கிறார். முக்கால் மணி நேரம் பேசினோம். என்னைவிட அவருக்குத்தான் அந்தப் பேச்சு அதிகம் தேவைப்பட்டது.

மூன்றாம்ஷிஃப்ட் (ஐந்து வாரம் கழித்து)

எல்லோருக்கும் பதில் சொல்லாமல் போனதற்கு மன்னிக்கவும். செய்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன்.

திரும்பிவந்தவள் அக்கா, நீங்கள் சுட்டிக்காட்டிய வரியை அன்றைக்கு எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. அந்த இரவு கூட இருந்த இரண்டு பேரிடமும் பேசினேன். அவர்களில் சின்னவள் அதுவரை யாரிடமும் சொல்லாமல் தினமும் அழுதிருக்கிறாள். எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆலோசகரை இரண்டு முறை பார்த்தாயிற்று. போர்வையைத் தூக்குவது 15 நிமிடத்துக்கு ஒருமுறை என்று ஆகிவிட்டது.

பயிற்சி நான்கு தடவை நடந்தது. முதல் தடவை 17 நிமிடம். பினார்டுகுழல் அக்காவின் 14-ஐவிட மோசம். சாவிதான் காரணம் என்று எல்லோரும் நேரிலேயே பார்த்தார்கள், நர்சிங் சூப்பரின்டென்டென்டும் நின்று பார்த்தார். அடுத்த வாரமே கட்டில் பக்கத்தில் பெட்டி வந்துவிட்டது, எனக்குக் கடிதம் எழுத வேண்டிய தேவையே வரவில்லை. நான்காவது தடவை 6 நிமிடம். தராசு கேட்டிருக்கிறோம், வரும் வரை குழந்தை எடைபோடும் மெஷினில் பை போட்டு எடைபோடுகிறோம்.

ஒரு சந்தேகம். பெட்டிக்குள் ஆக்ஸிடோசினை வைக்கலாமா? அது குளிரில் இருக்க வேண்டும் என்கிறார்கள், ஆனால் முதலில் கைக்கு வர வேண்டியதும் அதுதானே.

பினார்டுகுழல்

வைக்காதீர்கள். ஆக்ஸிடோசின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். வெளியில் கிடந்தால் வீரியம் போய்விடும், ஆம்பியூலைப் பார்த்தால் தெரியவும் தெரியாது. பிரசவ அறைக்குள்ளேயே ஒரு சின்ன பிரிட்ஜ் வாங்கக் கேளுங்கள். அது வரும் வரை ஒரு ஆளுக்கு "பிரிட்ஜ்" என்பதையே வேலையாகக் கொடுங்கள், பயிற்சியிலும் அவள்தான் போய் எடுத்துவர வேண்டும். பெட்டியில் மிசோப்ரோஸ்டால் மாத்திரையை (இதுவும் கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும்) பட்டை பிரிக்காமல் வையுங்கள், அதற்குக் குளிர் தேவையில்லை. ஆக்ஸிடோசின் கைக்கு வராத சமயத்தில் 800 மைக்ரோகிராம் நாக்குக்கு அடியில். சூடு தாங்கும் கார்பெட்டோசின் உங்கள் மருந்துப் பட்டியலில் இருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். அது பிரசவமானதும் ரத்தப்போக்கு வராமல் தடுக்கக் கொடுப்பது. வந்த பிறகு நிறுத்த அதை நம்பி இருக்கக் கூடாது. பெட்டி மேல் இந்த வித்தியாசத்தை எழுதி ஒட்டுங்கள், இரவில் புதிதாக வருபவள் இரண்டையும் குழப்பிக்கொள்வாள்.

6 நிமிடம் நல்ல நேரம். அடுத்த வாரம் கரண்ட் போனது மாதிரி விளக்கை அணைத்துவிட்டுச் செய்து பாருங்கள்.